கண்ணுக்குப் புள்ளி இல்லை

ஹட்டனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. வாசலைப் பார்த்தபடி 43 அங்குல டீவி ஒன்று மாட்டி, அதில் ஓடுகிற விளம்பரத்தையும் நான்தான் செய்து கொடுத்தேன். வேலை முடிந்து ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடி மாற்ற வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. விளம்பரம் இரண்டு சுற்று ஓடி முடிந்த பிறகு கேட்டார்.

"தம்பி, அது என்னா 'கண பரிசோதனை'?"

"கண் பரிசோதனை சேர்."

"கண்ணுக்குப் புள்ளி இல்லையேப்பா."

பழைய கண்ணாடியோடு பார்க்கிறார், அதுதான் தெரியவில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஏணியை மறுபடி விரித்து ஏறி, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. ணகரத்தின் தலைக்கு மேல் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கறை, தேத்தண்ணி சொட்டு துணியில் விழுந்து காய்ந்த மாதிரி. லேப்டாப்பில் நான் வைத்தபோது அது உருண்டையான, அழகான புள்ளி. நடுவில் எதுவோ அதைத் தின்றுவிட்டது.

கடை டீவிக்கு வீடியோவை எந்த ஃபார்மட்டில் சுருக்கிக் கொடுப்பது என்று மாதத்தில் இரண்டு பேராவது எனக்கு ஃபோன் எடுக்கிறார்கள். நுவரெலியாவில், பண்டாரவளையில் இதே தொழில் பார்க்கிற தம்பிமார். ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் பேசுவதை இனி இங்கே வந்து படித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பன்னிரண்டு வருடம் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் நான். கல்யாண வீடியோவில் பிழை விட்டால் ஒரு குடும்பம் திட்டும். கடை டீவியில் விட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற ஊரே பார்க்கும்.

முதலில் ஒரு கணக்கு. 1920க்கு 1080 என்கிற ஒரு படத்தில் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்ஸல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். வினாடிக்கு 25 படம். பெருக்கிப் பார்த்தால் ஒரு வினாடிக்கு 155 மெகாபைட் வரும். ஒரு நிமிட விளம்பரம் 9 ஜிபியைத் தாண்டும். அதாவது சுருக்காமல் விட்டால் 8 ஜிபி பென் டிரைவில் ஒரு நிமிடம்கூட அடங்காது. நாம் கொடுக்கும் ஒரு நிமிட ஃபைல் 60 எம்பி. மிச்சம் 9 ஜிபி எங்கே போனது?

தோட்டத்தில் செக்ரோல் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பெயரை எல்லாம் முதலில் ஒருமுறை முழுக்க எழுதிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் வந்தாரா, இல்லையா என்று கட்டத்தில் ஒரு குறிதான். வீடியோவைச் சுருக்கி அவிழ்க்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அது செய்வதும் அதே வேலை. ஒரு படத்தை முழுதாக எழுதும்; அதற்குக் கீஃப்ரேம் என்று பெயர். அடுத்து வரும் படங்களுக்கு எது மாறியது, எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். அதோடு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்று தான் நினைக்கிற நுணுக்கத்தைக் கேட்காமலே தூக்கி எறிந்துவிடும். நம் புள்ளி போனது இந்தக் கடைசி வேலையில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கடைத் திரை விஷயத்தில் பேச்சுக்கு வருவது மூன்று கோடெக். எச்.264 வந்தது 2003இல். எச்.265, அதாவது எச்.இ.வி.சி., 2013இல். ஏவி1 2018இல். ஒவ்வொன்றும் முன்னதைவிட நன்றாகச் சுருக்கும். எச்.265 அதே தரத்தை எச்.264க்குத் தேவையானதில் கிட்டத்தட்ட பாதி அளவில் கொடுக்கும். கேட்கும்போது முடிவு சுலபம் மாதிரித்தான் இருக்கும்: புதிதாக வந்ததை எடு. என் அக்கா மகனும் அப்படித்தான் நினைத்தான்.

தலவாக்கலையில் ஒரு புடவைக் கடை. தீபாவளிக்கு முந்திய வாரக் கடைசி. தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்து முடிந்த நேரம் என்றால் அந்தக் கடைவீதி எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைக்குள் மூன்று டீவி. விளம்பரத்தை மருமகன்தான் எடிட் செய்தான். தேயிலை மலைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது, பட்டுச் சேலை காற்றில் விரிகிறது, எல்லாம் 4கே, 10 பிட் (நிறத்துக்குக் கூடுதல் படிகள்), எச்.265. "மாமா, சைஸ் பாதிதான் வந்திருக்கு" என்று ஒரு சிரிப்பு வேறு. லேப்டாப்பில் வெண்ணெய் மாதிரி ஓடியது. நானும் சரி என்றுவிட்டேன்.

கடையில் மூன்று டீவிக்குப் பின்னாலும் வீடியோவை ஓட்டும் மூன்று பெட்டிகள். மூன்று வெவ்வேறு வருடத்தில், மூன்று வெவ்வேறு இடத்தில் முதலாளி மலிவாக வாங்கியவை. முதல் பெட்டி ஓட்டியது. இரண்டாவதில் சேலை விரிய ஆரம்பித்து அந்தரத்தில் நின்றது. இரண்டு வினாடிக்கு ஒரு படம் என்று தத்தித் தத்தி வந்தது. மூன்றாவதில் படமே இல்லை. கறுப்புத் திரை, நாதஸ்வரம் மட்டும் ஜோராகக் கேட்கிறது. முதலாளி கல்லாவிலிருந்து எழும்பாமலே கேட்டார்: "என்னா தம்பி, ரேடியோவா மாட்டியிருக்கீங்க?"

பின்னறையில் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் லேப்டாப்பை வைத்து, அதே வீடியோவை 1080இல், எச்.264இல் மறுபடி ரெண்டர் போட்டோம். ஃபைல் பெரிதாகவில்லை, 4கேயை இறக்கியதால் சின்னதாகத்தான் வந்தது. மூன்று பெட்டியும் மூச்சு விடாமல் ஓட்டின. காலை ஒன்பது மணிக்கு ஓட வேண்டியது பதினொன்றேகாலுக்கு ஓடியது. அந்த இரண்டேகால் மணி நேரமும் மருமகன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவன்மேல் கோபப்பட எனக்கும் வாயில்லை. பெட்டியைப் பார்க்காமல் தலையாட்டியது நான்தானே.

விஷயம் இதுதான். சுருக்கியதை அவிழ்க்கும் வேலையைச் சில்லுக்குள் அதற்கென்றே இருக்கும் தனி மின்சுற்று ஒன்று செய்கிறது. நீங்கள் கொடுக்கும் ஃபார்மட்டுக்குச் சுற்று இருந்தால் பெட்டி சூடுகூட ஆகாமல் நாள் முழுக்க ஓட்டும். இல்லாவிட்டால் அந்தச் சுமை சிபியூவின், அதாவது எல்லா வேலையும் பார்க்கும் பொதுச் செயலியின், தலையில் விழும். லேப்டாப் சிபியூ தாங்கும். நாலாயிரம் ரூபாவுக்கு வாங்கிய பெட்டி எங்கே தாங்கும்? எச்.264ஐ அவிழ்க்கிற சுற்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் உண்டு. எச்.265 சுற்று கொஞ்சம் வயது குறைந்த பெட்டிகளில் உண்டு. ஏவி1 சுற்று அதைவிடப் புதியவற்றில்தான்.

புதிய பெட்டி வாங்கச் சொல்லலாமே என்று கொழும்பில் இருக்கிற நண்பன் கேட்டான். 2022இல் டாலர் 200 ரூபா சொச்சத்திலிருந்து சில வாரத்தில் 360 பக்கம் ஏறியதே, அதோடு இங்கே பெட்டி மாற்றுகிற பழக்கம் நின்றது. அதற்கு முன்பே இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. சுவரில் இருப்பது உயிரோடு இருக்கும்வரை யாரும் கழற்றமாட்டார்கள். அதனால் நான் கடைக்குள் போனால் எந்த வீடியோ வேண்டும் என்று முதலில் கேட்பதில்லை. டீவிக்குப் பின்னால் கையை விட்டுப் பெட்டியை வெளியே எடுக்கிறேன். அந்தக் கடையில் இருப்பதிலேயே நோஞ்சான் பெட்டி எதுவோ, அது எதைத் தடுமாறாமல் ஓட்டுகிறதோ அதுதான் அந்தக் கடையின் ஃபார்மட்.

இதில் புதியதை நம்பியும் ஏமாறலாம். ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரை வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2019இல் வந்த பை 4இல் எச்.264, எச்.265 இரண்டுக்கும் சுற்று இருக்கிறது. 2023இல் வந்த பை 5இல் எச்.265க்கு மட்டும்தான் இருக்கிறது, எச்.264ஐ அது சிபியூவாலேயே அவிழ்க்கும். சிபியூ வேகமானது என்பதால் 1080 வரை ஓடிவிடும், கவலையில்லை. ஆனால் பழைய 4கே எச்.264 ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர் அங்கே சங்கடப்படுவார்.

சரி, எச்.264 என்று முடிவெடுத்தால் போதுமா என்றால் போதாது. அந்த ஒரு பெயருக்குள்ளேயே பல ரகம். நான் கொடுப்பது ஹை ப்ரொஃபைல் (எந்தச் சுருக்கும் உத்திகள் என்பது), லெவல் 4.1 (படத்தின் அளவுக்கும் வேகத்துக்கும் எல்லை), 8 பிட், 4:2:0 நிறம் (இதைக் கீழே விளக்குகிறேன்), எம்பி4 உறை. இரண்டு வினாடிக்கு ஒரு கீஃப்ரேம். ரெஃபரன்ஸ் ஃப்ரேம், அதாவது அவிழ்க்கும்போது திரும்பிப் பார்க்க வைத்திருக்கும் படங்கள், 4க்கு மேல் போவதில்லை. 1080க்கு லெவல் 4.1 அனுமதிக்கிறது அவ்வளவுதான். எச்.264இலும் 10 பிட் உண்டு, நிறத்தைக் குறைவாகச் சுருக்கும் 4:2:2வும் உண்டு, எடிட்டிங் மென்பொருள் கேட்டதும் கொடுத்துவிடும். ஆனால் கடைப் பெட்டிகளின் சுற்று அதைத் தொடாது. "எச்.264தான் அண்ணே போட்டேன், ஆனா ஓடல" என்று வருகிற ஃபோன்களில் பாதி இந்த ரகம்தான். சத்தம் தேவையில்லாத திரை என்றால் ஆடியோ டிராக்கையே எடுத்துவிடுங்கள். மௌனமான டிராக் ஒன்று உள்ளே கிடந்தாலும் வீடியோ முடிந்து திரும்பத் தொடங்கும்போது அது ஒரு சின்னத் தடங்கலைக் கொடுக்கும்.

ஃப்ரேம் ரேட்டில், அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பதில், நம் ஊருக்கென்று ஒரு கோளாறு. கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய எல்லாருக்கும் கை தானாக 25க்குப் போகும். நமது டீவி ஒளிபரப்பே வினாடிக்கு 25 படம் காட்டும் பால் (PAL) முறையில் வந்தது, அதனால் 25 நமக்கு இரத்தத்தில் ஊறியது. ஆனால் கடைப் பெட்டி டீவிக்கு 60 ஹெர்ட்ஸில்தான், அதாவது வினாடிக்கு 60 முறை, படம் அனுப்பும், யாராவது மாற்றி வைத்தால் ஒழிய. 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4. ஒரு படம் இரண்டு முறை நிற்கும், அடுத்தது மூன்று முறை நிற்கும். ட்ரோன் காட்சியில் இது பெரிதாகத் தெரியாது. திரையின் அடியில் எழுத்து ஓடினால் தெரியும், நொண்டி நொண்டி ஓடும். ஒன்று பெட்டியை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், இல்லை 30இல் செய்யுங்கள். நான் 30. ஓடும் எழுத்து ஒரு படத்துக்கு முழு எண் பிக்ஸல் நகர வேண்டும். 4 பிக்ஸல் வைத்தால் வினாடிக்கு 120, திரையைக் கடக்க 16 வினாடி. வயதானவர்களும் வாசிக்கிற வேகம் அது. மூன்றரை, மூன்றேமுக்கால் என்று வைத்தால் எழுத்தின் ஓரம் நடுங்கும்.

இனி அந்தப் புள்ளிக்கு வருகிறேன்.

4:2:0 என்று மேலே சொன்னேனே, அதன் அர்த்தம் இது. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்ஸலுக்கும் எழுதும். நிறத்தை நான்கு பிக்ஸலுக்குச் சேர்த்து ஒன்றாக எழுதும். மனிதக் கண் வெளிச்சத்தில் கூர்மை, நிறத்தில் மந்தம், அதனால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்பது கணக்கு. முகத்துக்கும் மரத்துக்கும் அது சரி. சிவப்பு எழுத்தை நீலத்தின் மேல் வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் இருட்டான நிறம். வெளிச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, பிரித்துக் காட்டுவது நிறம் மட்டும்தான். அந்த நிறத்தைத்தான் நாலில் ஒன்றாக்கியாயிற்று. என் புள்ளியின் அகலம் 6 பிக்ஸல். நிறத்தின் கணக்கில் அது 3. அதற்குமேல் நான் பிட்ரேட்டை, அதாவது ஒரு வினாடிக்குச் செலவழிக்கும் பிட் அளவை, 3 மெகாபிட்டுக்கு இறக்கியிருந்தேன், ஃபைல் சின்னதாக இருக்கட்டும் என்று. பிட் போதாதபோது கோடெக் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட பொடி நுணுக்கத்தில்தான். மிச்சத்தை, கட்டம் கட்டமாகத் தெரியாமல் இருக்க ஓரங்களை மெழுகிவிடும் வடிகட்டி மெழுகிவிட்டது.

இங்கிலீஷ் எழுத்தில் இது இவ்வளவு வலிக்காது. ஐக்கு மேல் புள்ளி போனாலும் வாசித்துவிடலாம். நமக்குப் புள்ளி போனால் எழுத்தே வேறு. கண் 'கண' ஆகும், பல் 'பல' ஆகும். சிங்களத்திலும் எழுத்தின் தலையில் ஏறுகிற சின்னக் குறிகளுக்கு இதே கதிதான். நம் நாட்டில் ஒரு கடைத் திரையில் மூன்று மொழி நிற்க வேண்டும். இடம் போதாமல் எழுத்து சின்னதாகும், சின்னதானால் முதலில் சாவது குறிகள். ஆகவே எழுத்து இருக்கிற திரைக்கு 8 மெகாபிட்டுக்குக் கீழே நான் போவதில்லை. இருட்டான பின்னணி என்றால் மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்து, தடித்த எழுத்துரு, கறுப்பு விளிம்பு. எழுத்துருவில் புள்ளி பொடியாக இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்துக் கொஞ்சம் ஊதிவிடுவேன். டிசைனர் மருமகனுக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் இருக்கட்டும்.

இன்னும் நல்ல வழி, அசையாத எழுத்தை வீடியோ ஆக்காமலே விடுவது. பத்து வினாடி விலைப் பட்டியல் நிற்க வேண்டுமென்றால் அதை பி.என்.ஜி. படமாகக் கொடுங்கள். படம் காட்டத் தெரியாத பெட்டி அபூர்வம். பி.என்.ஜி. ஒரு பிக்ஸலையும் தின்னாது.

எழுத்து ஒரு பக்கம் என்றால், எங்கள் மலைக்கே உரிய இரண்டு தலைவலி இருக்கிறது: அருவியும் பனியும். ஏ7 வீதியில் தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளேயர் இரண்டு நீர்வீழ்ச்சியும் ரோட்டிலிருந்தே தெரியும். அந்தப் பக்கம் ஒரு தேயிலை விற்பனைக் கூடத்தில் 65 அங்குலத் திரை. முதலாளிக்கு வேண்டியது ரொம்பச் சாதாரணம்: "வெளிய மிஸ்ட் எறங்கி ஃபோல்ஸ் தெரியாட்டி, வர்ற வெள்ளைக்காரன் உள்ள உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே டீவில பாக்கணும்." எழுத்தே இல்லை. இது சுலபமான வேலை என்று நினைத்தேன்.

அருவி என்றால் கோடெக்குக்குச் சனி. செக்ரோல் கணக்கு வேலை செய்யாது. இந்தப் படத்தில் இருந்த துளி அடுத்த படத்தில் இல்லை, தினமும் எல்லாரும் புது ஆட்கள். எது எங்கே நகர்ந்தது என்று தேடித் தேடிக் கிடைக்காமல், கிடைத்த பிட்டை வைத்துச் சமாளிக்கும். 8 மெகாபிட்டில் 97 மீட்டர் டெவன் அருவி சதுரம் சதுரமாக விழுந்தது, மேலேயிருந்து யாரோ டைல்ஸ் கொட்டுகிற மாதிரி. எச்.264 படத்தை 16க்கு 16 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. பிட் இல்லாதபோது அந்தக் கட்டம் வெளியே தெரியும்.

பனி நேர் எதிர். எதுவுமே அசையவில்லை, ஃபைல் பொடியாக வருகிறது, கோடெக்குக்கு ஒரே குஷி. திரையில் பார்த்தால் பனி வளையம் வளையமாக நிற்கிறது, நில அளவைப் படத்தில் உயரக் கோடு போட்ட மாதிரி. இதற்கும் கணக்கு இருக்கிறது. 8 பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படி. காலைப் பனியில் இருப்பது எல்லாமே வெளிர் சாம்பல், 180க்கும் 220க்கும் நடுவில் 40 படிதான். அந்த 40 படியை 1920 பிக்ஸல் அகலத்தில் விரித்தால் ஒரு படிக்கு 48 பிக்ஸல். 65 அங்குலத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் அகலமான பட்டை. கண்ணுக்குத் தெரியாமல் என்ன செய்யும்? கேமராவில் இருந்த மெல்லிய மணல் மணலான இரைச்சல்தான் அந்தப் பட்டைகளை மறைத்து வைத்திருந்தது. கோடெக் அதைக் குப்பை என்று துடைத்துவிட்டது.

சி.ஆர்.எஃப். வைத்து ரெண்டர் போடுகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. சி.ஆர்.எஃப். என்பது தரத்தைச் சொல்லிவிட்டு அளவைக் கோடெக்கிடம் விடுவது. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஆறு குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரட்டிக்கும். எச்.264க்குச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருள் கொடுக்கும் சாதாரண எண் 23. அதில் பனி பட்டை பட்டையாகும். 18க்கு இறக்கினால் பனி கொஞ்சம் திருந்தும், ஆனால் அருவி வரும்போது பிட்ரேட் பெட்டி விக்கித்து நிற்கிற உயரத்துக்குத் துள்ளும். ஆகவே சி.ஆர்.எஃப். 18, அதோடு 16 மெகாபிட்டுக்கு மேல் போகாதே என்று ஒரு கடிவாளம். பனிக் காட்சிகளில் நானே கொஞ்சம் செயற்கை மணலைத் தூவினேன். முப்பது வினாடித் துண்டு ஒன்றை இப்படி ஏழெட்டு முறை ரெண்டர் போட்டு, ஒவ்வொன்றையும் அந்தக் கூடத்துக்கே கொண்டுபோய், தூரத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு டீ. காசு வாங்கவில்லை, நல்ல மனுஷர்.

அப்படி உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று விளங்கியது. அருவி கொஞ்சம் உடைந்தாலும் கண் மன்னித்துவிடும், விழுகிற தண்ணீரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பனியைக் கண் மன்னிக்காது, ஏனென்றால் அங்கே பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

கடைசியில் அந்த ஒரு திரைக்கு மட்டும் என் வழக்கத்தை மாற்றினேன். பிளேயர் புதியது, டீவியும் புதியது, எச்.265 10 பிட் இரண்டும் தாங்கின. 10 பிட் என்றால் 256 படி 1024 ஆகும். பனியின் 40 படி 160 ஆகும், பட்டை 48 பிக்ஸலிலிருந்து 12க்கு இறங்கும். கூடவே புதுக் காட்சிகளை மாதத்துக்கு ஒருமுறை டொங்கிள் டேட்டாவில்தான் அனுப்புகிறேன். அங்கே ஃபைல் பாதியாவது எனக்கு நேரடி லாபம். மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் அன்னைக்கே சரியாத்தான செஞ்சிருக்கேன் மாமா" என்றான். தலவாக்கலை முதலாளியிடம் போய்ச் சொல்லச் சொன்னேன்.

மற்றக் கடைகளுக்கு டேட்டா மிச்சம் என்ற பேச்சே கிடையாது. மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் என் வீடியோக்கள் போவது பஸ்ஸில். பென் டிரைவைக் கவரில் போட்டு, மேலே கடை பெயர் எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். அதில் எத்தனை எம்பி இருந்தாலும் பஸ்ஸுக்கு ஒரே பாரம். ஃபைலைச் சுருக்கிச் சுருக்கித் தரத்தைக் கெடுக்க அங்கே ஒரு காரணமும் இல்லை. ஒரே எல்லை எஃப்.ஏ.டி.32. பழைய டீவிகள் அந்த முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவைத்தான் படிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். 8 மெகாபிட் என்பது வினாடிக்கு ஒரு மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, அடங்கும். 12 மெகாபிட்டில் 5.4 ஜிபி, அடங்காது, அரை மணியாக வெட்ட வேண்டும்.

எதற்கு ஒரு மணி நேர ஃபைல் என்று கேட்பீர்கள். சாதாரணப் பெட்டிகள் ஒரு ஃபைல் முடிந்து அடுத்ததைத் திறக்கும்போது ஒரு கணம் கறுப்பாகும். முப்பது வினாடி விளம்பரம் என்றால் முப்பது வினாடிக்கு ஒருமுறை. ஒரு நகைக்கடைக்காரர், "டீவி கண்ணடிக்குது தம்பி, பொம்பளைங்க வந்து போற கடை" என்று சொன்ன பிறகுதான் எல்லா விளம்பரத்தையும் வரிசையாக ஒட்டி ஒரே நீள ஃபைலாக்கப் பழகினேன். ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே ஃப்ரேம் ரேட் ஆக இருக்கட்டும். கைப்பேசியில் எடுத்த வீடியோவின் ஃப்ரேம் ரேட் நடுவில் ஏறி இறங்கும், அதை முதலில் நிலையாக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் எடுத்தபடியே வரும்.

கண்ணாடிக் கடைக்கு அன்று மாலையே திருத்தினேன். கரு நீலத்தில் மஞ்சள் எழுத்து, விளிம்பு, ஊதிய புள்ளி, அதோடு எழுத்து மட்டும் வருகிற பக்கம் பி.என்.ஜி. மறுநாள் ஏணி இல்லாமலே வாசலில் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்தும் பார்த்தேன். புள்ளி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் வாத்தியார் புதுக் கண்ணாடி எடுக்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கண்ணாடியைப் போட்டு, காதுக்குப் பின்னால் சரிசெய்து, முதலில் பார்த்தது டீவியைத்தான்.

"புள்ளி வந்துருச்சு," என்றார்.

"ஓம் சேர்."

"அது சரி. 'இலவச பரிசோதனை'ன்னு போட்டிருக்கே, நடுவுல 'ப்' எங்க தம்பி?"

பார்த்தேன். இல்லை. அதை எந்த ஃபார்மட்டும் தின்னவில்லை. நான் டைப் செய்யவே இல்லை.